கறுப்பாக நின்ற இரண்டு தூண்கள்

வருகைப் பதிவேட்டில் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பெயின்ட் டப்பாவுக்கு மூடி அடிக்கும் அந்தத் தொழிற்சாலையில் முந்நூறு பேருக்கும் அவள் கட்டம் அக்கா. நாள் முழுக்க கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக எண்களை நிரப்பிக்கொண்டிருப்பதால் வந்த பெயர்.

வேலைக்குச் சேர்ந்தபோது அவள் டெலிபோன் ஆப்பரேட்டர். பத்து வருஷம் கழித்து, இணைப்புக் கொடுக்கும் அந்த டெலிபோன் போர்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார்கள். உங்களுக்கு இனி வேலை இல்லை என்று வாய்விட்டுச் சொல்ல அன்றைய அதிகாரிக்குத் துணிச்சல் வரவில்லை. அவளுடைய நாற்காலியை மட்டும் எடுத்துவிட்டார். மறுநாள் அவள் வீட்டிலிருந்து ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து அதே இடத்தில் போட்டு உட்கார்ந்தாள். மூன்று நாள் சும்மாவே உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள், டைப் அடிக்கச் சொல்லி கொஞ்சம் காகிதங்கள் வந்தன.

கம்ப்யூட்டர் வந்தபோதும் அப்படித்தான். மற்றவர்கள் அதைக் கண்டு நழுவினார்கள். அவள் எக்செலைத் திறந்து, ஒரு நாளைக்கு ஒரு பொத்தான் என்று அழுத்திப் பார்த்து, என்ன நடந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தாள். இரண்டு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் அவளைக் கேட்காமல் எவரும் ஒரு பட்டியல்கூடப் போட முடியாது என்ற நிலைமை வந்தது.

இதெல்லாம் பழைய கதை. இப்போது சொல்ல வந்தது அவளுடைய ஐம்பத்திரண்டாவது வயதில் நடந்தது.

மாதா மாதம் பாதுகாப்புக் குழு கூடும். யாருக்கு எங்கே அடிபட்டது, எத்தனை பேருக்குக் கை வெட்டுப்பட்டது என்று ஒரு சார்ட் போட்டுத் தர வேண்டியது அவள் வேலை. எப்படிப் போட வேண்டும் என்பது பொது மேலாளரின் விருப்பம். அவர் கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. யாருடைய பிறந்தநாளையும் மறக்கமாட்டார். ஆனால் கலர் என்றால் அவருக்கு உயிர். பிரிவுக்கு ஒரு துண்டு என்று பதினொரு துண்டு, பதினொரு நிறம், வட்டத்தைச் சாய்த்து வைத்துக் கீழே நிழல் வேறு. "கண்ணுக்கு நிறைவா இருக்கணும்" என்பார். அவளும் அப்படியே போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதை அச்சடித்து, உணவுக் கூடத்துக்குப் போகும் வழியில் இருந்த கண்ணாடிப் பலகைக்குள் மாட்டுவார்கள்.

ஒரு நாள் மதியம் அந்தப் பலகைக்கு முன்னால் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். தகரத்தை வெட்டி மூடியாக அழுத்தும் மூன்றாம் நம்பர் பிரஸ் மெஷினை ஓட்டுகிறவள். ஆளையே மூணாம் நம்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாதுகாப்புக் குழுவில் தொழிலாளர் பக்கத்து ஆளும் அவள்தான். இடது கைக் கட்டைவிரலில் பெரிய கட்டு. கட்டம் அக்காவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஒருத்தியாவது படத்தைப் பார்க்கிறாளே. பக்கத்தில் போனால், அவள் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலையைச் சரிசெய்துகொண்டிருக்கிறாள்.

"ஏம்மா, உள்ள இருக்கற படம் என்னன்னு தெரியுதா?"

மூணாம் நம்பர் அப்போதுதான் உள்ளே பார்த்தாள். "நீங்க போட்டதாக்கா? நல்லா இருக்கு. பூ மாதிரி."

"அது போன மாசம் அடிபட்டவங்க கணக்கு. உன் விரலும் அதுல இருக்கு."

அவள் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிப் பார்த்தாள். சின்னச் சின்ன நிறப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்து, "எங்கக்கா? காணோமே" என்றாள்.

கட்டம் அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. பதினைந்து வருஷமாகப் படம் போடுகிறோம். எவள் விரல் வெட்டுப்பட்டதோ அவளுக்கே அவள் விரல் தெரியவில்லை என்றால் அது என்ன படம்?

அவள் கணவர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, எப்போதும் பேசிக்கொண்டிருக்கும் ஒரு ரேடியோ. அவருக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. இரண்டும் ஒரே அழுக்குப் பழுப்புதான். கல்யாணமான புதிதில் பச்சைப் புடவை கேட்டவளுக்குச் சிவப்பில் வாங்கி வந்து பெருமையாக நின்ற மனிதர். அடுத்த விடுமுறை நாளில் அவள் நான்கைந்து படங்களை அச்சடித்து எடுத்துக்கொண்டு அவர் கடைக்கே போனாள்.

"என்னங்க, இதைக் காட்டுவேன். அஞ்சு எண்ணுவேன். எடுத்துடுவேன். என்ன பார்த்தீங்கன்னு சொல்லணும்."

"கையில கத்தி இருக்கு. என்கிட்ட பரீட்சை வைக்கிறியா?"

"வைக்கிறேன். பாருங்க."

பழைய வட்டப் படத்தைக் காட்டினாள். ஐந்து எண்ணி எடுத்தாள். "ஏதோ வெட்டி வச்ச கேக். பாதி கெட்டுப்போயிருக்கு." பாதி முகத்தில் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளர், "எனக்கு கலரெல்லாம் நல்லாத் தெரியுதும்மா. ஆனா ஒண்ணும் புரியல" என்றார்.

அன்றிலிருந்து அந்தக் கடைதான் அவளுடைய பரீட்சைக் கூடம். நிழலை எடுத்தாள். சாய்வை நிமிர்த்தினாள். வட்டத்தையே தூக்கிப் போட்டுவிட்டுத் தூண்களாக நிறுத்தினாள். பக்கத்தில் ஒரு பெட்டி வைத்து இந்த நிறம் இன்னது என்று விளக்கம் எழுதுவதை விட்டுவிட்டு, அந்தந்தத் தூணின் காலடியிலேயே பெயரை எழுதினாள். பின்னால் கொசுவலை மாதிரி ஓடிய கோடுகளை அழித்தாள். பதினொரு தூணில் எதைப் பார்க்க வேண்டுமோ அதற்கு மட்டும் கறுப்பு, மற்றதெல்லாம் சாம்பல். தலைப்பில் "மாதாந்திர விபத்து விவரம்" என்று போடுவதை நிறுத்திவிட்டு, படம் என்ன சொல்கிறதோ அதை ஒரு வாக்கியமாக எழுதினாள்.

நடுவில் ஒரு தவறும் செய்தாள். இரண்டு வருஷத்தின் மொத்தக் காயங்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாள். முந்தைய வருஷம் எழுபத்தேழு. போன வருஷம் நூற்றிருபது. மேலாளர் இதைப் பார்த்து மிரள வேண்டும் என்ற ஆத்திரத்தில், செங்குத்து அச்சைப் பூஜ்யத்திலிருந்து தொடங்காமல் எழுபதிலிருந்து தொடங்கினாள். முதல் தூண் தரையோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது பனைமரமாக நின்றது. கணவரிடம் காட்டினாள். அவர் கையிலிருந்த சீப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"அய்யய்யோ! ஏழெட்டு மடங்கா ஏறிடுச்சு?"

ஏறியது ஒன்றரை மடங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அவரை அவள் ஏமாற்றியிருக்கிறாள். படத்தை வாங்கி நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். மறுநாள் முதல் வேலையாக அச்சைப் பூஜ்யத்துக்கு இறக்கினாள். ஒரு எண்ணிலாவது கோணல் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு முழுப் படத்தையும் குப்பையில் போட்டுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதைவிட, தான் செய்தது அவளுக்கே பிடிக்கவில்லை.

ஆனால் மொத்த எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? எப்போது அடிபடுகிறது என்று தெரிந்தால்தானே தடுக்கலாம்? அது முதலுதவி அறை நர்ஸிடம் இருந்தது. நர்ஸ் வாய்த்துடுக்கான பெண். வருகிறவர்களுக்கெல்லாம் கட்டுப் போட்டுவிட்டு, எந்த நாள், எத்தனை மணி, எந்த விரல் என்று ஒரு தடித்த நோட்டில் விடாமல் எழுதுவாள்.

"சிஸ்டர், பேரெல்லாம் வேண்டாம். நேரம் மட்டும் படிங்க, நான் எழுதிக்கறேன்."

"அஞ்சு வருஷமா எழுதறேன்க்கா. யாருக்காக எழுதறேன்னே தெரியாம எழுதறேன். இன்னிக்குத்தான் ஒரு ஆள் கேட்டு வந்திருக்கீங்க."

போன வருஷத்தையும் அதற்கு முந்தைய வருஷத்தையும் எழுதி முடிக்க நான்கு மதிய இடைவேளைகள் ஆயின. போன வருஷத்தில் நூற்றிருபது காயங்கள். ஷிப்டின் எட்டு மணி நேரத்தில் எந்த மணியில் எத்தனை என்று எக்செல் பிரித்துக் காட்டியபோது கட்டம் அக்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். முதல் மணியில் ஒன்பது. பிறகு எட்டு, பத்து, ஒன்பது, பதினொன்று, பன்னிரண்டு. ஏழாம் மணியில் இருபத்தேழு. எட்டாம் மணியில் முப்பத்து நான்கு.

எட்டு தூண்கள் நிறுத்தினாள். ஆறு சாம்பல், கடைசி இரண்டு கறுப்பு. ஒவ்வொன்றின் தலையிலும் அதன் எண். கீழே சின்னதாக, அதே அளவுகோலில், அதற்கு முந்தைய வருஷம்: எட்டு தூணும் கிட்டத்தட்ட ஒரே உயரம். தலைப்பு: "பாதிக்கு மேற்பட்ட காயங்கள் கடைசி இரண்டு மணி நேரத்தில்."

ஏன் என்று அவள் எழுதவில்லை. அது அவளுக்குத் தெரியாது. படத்தில் இருந்தது எப்போது என்பது மட்டும்தான்.

கடையில் காட்டினாள். ஐந்து வரை எண்ணத் தேவைப்படவில்லை. மூன்றிலேயே கணவர், "வீட்டுக்குக் கிளம்பற நேரத்துல இவ்வளவு பேருக்கு ஏன் அடிபடுது?" என்று கேட்டார்.

மேலாளர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"என்னம்மா இது, துக்க வீட்டு நோட்டீஸ் மாதிரி? கலரே இல்லை."

"கலர் இல்லாமலே புரியுது சார்."

"அதான் பிரச்சினை" என்று சொன்னவர் சுதாரித்துக்கொண்டார். "இங்க பாருங்க. தலைமை அலுவலகத்துலேர்ந்து பாதுகாப்பு அதிகாரி வராங்க. வழக்கமா போடறதைப் போடுங்க. பிரிவு வாரியா, வட்டமா. இந்தத் தலைப்பெல்லாம் வேண்டாம். படம் போடச் சொன்னா பஞ்சாயத்து வைக்கிறீங்க."

"இதுல ஒரு எண் தப்புன்னு காட்டுங்க சார். இப்பவே மாத்தறேன்."

"தப்புன்னு நான் சொல்லலையே."

"அப்ப மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லை."

"நான் சொல்றேன், போட்டுக் குடுங்க."

"போட மாட்டேன் சார்."

இருபத்தொன்பது வருஷத்தில் அந்த அறையில் அவள் அந்த மூன்று சொற்களைச் சொன்னதில்லை. குரல் உயரவில்லை. வெளியே வந்து நேராகத் தன் இடத்துக்குப் போய் அந்தப் படத்தைப் பன்னிரண்டு பிரதி எடுத்தாள். கலர் பிரிண்டர் மேலாளர் அறையில் இருந்தது. அவளிடம் இருந்தது பழைய கறுப்பு வெள்ளை மெஷின். சாம்பலுக்கும் கறுப்புக்கும் அது போதும்.

கூட்டத்தில் எட்டு பேர். மேலாளர் தானே உட்கார்ந்து வட்டப் படம் தயாரித்திருந்தார். கட்டம் அக்காவுக்குத் திரைப் பக்கத்தில் ஒரு நாற்காலி. பொத்தானை அழுத்துவது மட்டும்தான் வேலை. அழுத்தினாள். பதினொரு நிறமும் சுவரில் விரிந்தன. சாய்த்து வைத்த வட்டத்தில் பிரஸ் ஷாப் துண்டு பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. பேக்கிங் துண்டு முன்னால் தொந்தி தள்ளிக்கொண்டு நின்றது.

பாதுகாப்பு அதிகாரி சுருக்கமாகப் பேசுகிற பெண்மணி. கண்ணை இடுக்கிப் பார்த்தார். "பேக்கிங்லதான் அதிகமா?"

முதலுதவி நர்ஸ் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினாள். மேலாளர், "கிட்டத்தட்ட... எல்லாமே பரவலாத்தான் இருக்கு மேடம்" என்றார்.

"பேக்கிங் இருபத்தி மூணு சதவீதம். பிரஸ் ஷாப் முப்பத்தி ஒண்ணு" என்றாள் கட்டம் அக்கா. "படத்தைச் சாய்ச்சா முன்னால இருக்கறது பெருசாத் தெரியும். அந்தப் படம் நான் போட்டதில்லை மேடம். நான் போட்டது இது."

மேலாளர் எழுந்திருப்பதற்குள் தாள்கள் மேசையைச் சுற்றிப் போய்விட்டன. எல்லோரும் தலைகுனிந்து பார்த்தார்கள். முதலில் வாய் திறந்தவள் மூணாம் நம்பர்.

"ஏழாவது மணி, எட்டாவது மணி" என்று விரலால் தொட்டுச் சொன்னாள். "அப்பத்தான் மெஷின் வேகத்தை ஏத்துவாங்க மேடம். அன்னிக்கு மூடி எண்ணிக்கை குறைஞ்சா கடைசி ரெண்டு மணி நேரத்துல பிடிக்கணும்னு. போன வருஷம் ஆரம்பிச்சது. மூடி வந்து விழற வேகத்துக்குக் கை போகாது. பேக்கிங்ல இருக்கறவங்களுக்கும் அதே வேகம்தான். கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிட்டு இருக்கேன். களைப்புல பேசறேன்னாங்க."

அதிகாரி கீழே இருந்த முந்தைய வருஷத்துத் தூண்களைப் பார்த்தார். மேலே பார்த்தார். "மெஷின் வேகப் பதிவேடு எங்க?"

மேலாளர் தன் கோப்பைப் புரட்டினார். "இப்பவே வேணும்" என்றார் அதிகாரி.

அடுத்த வாரமே கடைசி இரண்டு மணி நேரத்தில் வேகம் ஏற்றக் கூடாது என்று எழுத்தில் உத்தரவு வந்தது. அதற்கு அடுத்த நாள் கட்டம் அக்காவுக்கு ஒரு மெமோ வந்தது: மேலதிகாரியின் சொல்லை மீறியதற்கு விளக்கம் கேட்டு. அவள் ஒரே வரியில் பதில் எழுதினாள். "நான் கொடுத்த படத்தில் ஓர் எண் தவறு என்று காட்டினால் மன்னிப்புக் கேட்கத் தயார்." யாரும் காட்டவில்லை. அதற்குப் பதிலாக அவளைப் பின்புற ஸ்டோருக்கு மாற்றினார்கள். தகர அலமாரிகள், கையுறைப் பெட்டிகள், ஒரு குண்டு பல்ப், காற்று வர ஒரு சின்னச் சாளரம்.

"மனசு கஷ்டமா இருக்கா?" என்று கணவர் கேட்டார்.

"இருக்கு. அங்க அழுவேன்னு எதிர்பார்க்கறாங்க. அதுக்கு வேற ஆளைப் பார்க்கணும்."

பாதுகாப்பு சார்ட் இனி அவள் வேலை இல்லை. ஆனாலும் மாதம் பிறந்தால் நர்ஸ் மதிய இடைவேளையில் நேரங்களைக் கொண்டுவருவாள். அவள் தூண்களை நிறுத்துவாள். கண்ணாடிப் பலகைக்குள் அதை வைக்க அனுமதி இல்லை. மூணாம் நம்பர் ஒரு பிரதியை வாங்கிப் போய்த் தன் லாக்கர் கதவில் ஒட்டினாள். அதை யாரோ கிழித்தார்கள். மறுநாள் ஒன்பது லாக்கர்களில் ஒட்டியிருந்தது. அடுத்த மாதம் எத்தனை என்று எண்ணுவதை விட்டுவிட்டார்கள். கையுறை வாங்க ஸ்டோருக்கு வருகிறவர்கள், "இந்த மாசம் எப்படிக்கா?" என்று கேட்டு நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

ஆறு மாதம் ஆயிற்று. எட்டு தூண்களும் தோளோடு தோள் நின்றன. ஐந்து, நான்கு, ஐந்து, நான்கு, ஆறு, ஐந்து, ஆறு, ஐந்து. மொத்தம் நாற்பது. கறுப்பு அடிக்க எதுவும் இல்லாததால் எல்லாவற்றுக்கும் சாம்பலே போட்டாள். கீழே, "ஆறு மாதக் கணக்கு மட்டும், இன்னும் ஆறு மாதம் பார்க்க வேண்டும்" என்று மறக்காமல் எழுதினாள்.

ஒரு காலையில் மேலாளர் ஸ்டோருக்கே வந்தார். உட்காரச் சொல்ல அங்கே இன்னொரு நாற்காலி கிடையாது. கையுறைப் பெட்டி ஒன்றை இழுத்துப் போட்டாள். அவர் நின்றபடியே பேசினார்.

"தலைமை அலுவலகத்துல வருடாந்திரக் கூட்டம். காயம் குறைஞ்சதைப் பத்தி நான் பேசணும். உங்க படம் ஒண்ணு வேணும். நாற்பது இருக்கே, அது."

அவள் ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். மேலே கறுப்பாக நின்ற இரண்டு தூண்களோடு போன வருஷம்; கீழே இந்த ஆறு மாதம்; இரண்டும் ஒரே தாளில்.

"கீழ இருக்கறது மட்டும் போதும்மா."

"மேல இருந்து இறங்கினதாலதான சார் கீழ இருக்கறதுக்கு மதிப்பு? எங்கேர்ந்து இறங்கினீங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?"

அவர் தாளின் தலைப்பில் விரலை வைத்தார். "தலைப்பையாவது..."

"தலைப்பும் அப்படியேதான். கீழ என் பேரு இருக்கு. அதுவும் அப்படியே இருக்கணும்."

வருகைப் பதிவேட்டில் இருக்கும் அந்தப் பெயர், முழுதாக, படத்தின் வலது மூலையில் இருந்தது. அவர் அதைப் படித்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகப் படித்தாரோ என்னவோ. தாளை மடிக்காமல் ஒரு கோப்புக்குள் வைத்துக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பினார்.

"இங்க ஒரே இருட்டா இருக்கு. அடுத்த மாசம் ஆபீசுக்கே வந்துடுங்க. உங்க இடம் சும்மாதான் கிடக்கு."

"அந்த மெமோ என் கோப்புல இருக்கு சார். அதை வாபஸ் வாங்கினதா எழுத்துல குடுங்க. அன்னிக்கே வரேன்."

"வாயால சொன்னா போதாதா?"

"எழுத்துல."

அவர் போய்விட்டார். கூட்டத்தில் அந்தத் தாளை முழுசாகக் காட்டினார் என்று நர்ஸ் கேள்விப்பட்டு வந்து சொன்னாள், கைதட்டினார்களாம். மெமோ மட்டும் இன்னும் வாபஸ் ஆகவில்லை. கட்டம் அக்கா இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அதைக் கேட்டு ஒரு கடிதம் எழுதுகிறாள். நான்கு கடிதங்கள் ஆகிவிட்டன. ஒவ்வொன்றின் நகலையும் தேதி போட்டு வைத்திருக்கிறாள்.

போன வாரம் மூணாம் நம்பர் ஸ்டோருக்கு வந்தாள். கையுறை வாங்க வரவில்லை. கையில் ஒரு நோட்டு. மணிக்கொரு தடவை பிரஸ் ஷாப் சுவரில் இருக்கும் வெப்பமானியைப் பார்த்து எழுதி வைத்திருந்தாள். இருபத்தொரு நாள் கணக்கு.

"அக்கா, உள்ள கொதிக்குது, மின்விசிறி வேணும்னு கேட்டா, எல்லா இடத்துலயும் வெயில்தான்ங்கறாங்க. இதை வச்சு ஏதாவது முடியுமா?"

கட்டம் அக்கா நோட்டை வாங்கிப் புரட்டினாள். "வெளியில எவ்வளவு இருந்துச்சுன்னு எழுதினியா?"

"இல்லையே."

"அதையும் எழுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்தினாத்தான் அவங்க வாயை அடைக்க முடியும். இன்னும் மூணு வாரம் எழுதிட்டு வா. ஒரு மணி நேரம்கூட விடாத."